பயணச்சீட்டுக்கு முன்னால் மயக்க மருந்து டாக்டர்

வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையைச் சுற்றியுள்ள தெருக்களில் தங்கும் விடுதிப் பலகைகள் வங்காள எழுத்திலும் இருக்கின்றன. சென்னை கிரீம்ஸ் ரோட்டில் மாலத்தீவுக் குடும்பங்களும் ஓமானிலிருந்து வந்தவர்களும் பெட்டியும் கையுமாக அறை தேடுகிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து கண் அறுவைக்கு வருகிறார்கள். லண்டன், டொரன்டோ தமிழர்கள் விடுமுறையோடு சேர்த்து முழங்கால் மூட்டையும் மாற்றிக்கொண்டு போகிறார்கள். இவர்கள் ஒவ்வொருவர் கைப்பேசியிலும் மருத்துவமனை அனுப்பிய செலவு மதிப்பீடு ஒன்று இருக்கும். சர்ஜன் கட்டணம், இம்ப்ளான்ட் விலை, அறை வாடகை, விமான நிலையத்திலிருந்து அழைத்து வர வண்டி என்று வரிவரியாக எழுதியிருப்பார்கள். மயக்க மருந்து மட்டும் ‘ஓ.டி. கட்டணத்தில் அடங்கும்’ என்ற வரிக்குள் மறைந்துவிடும்.

சர்ஜன் யார், எங்கே படித்தவர், எத்தனை மூட்டு மாற்றியிருக்கிறார் என்றெல்லாம் குடும்பமே உட்கார்ந்து விசாரிக்கிறது. மயக்க மருந்து கொடுக்கப்போவது யார் என்று யாரும் கேட்பதில்லை. அந்த மருத்துவரை நோயாளி முதன்முதலாகப் பார்ப்பது அறுவைக்கு முந்தின நாள் மாலையில். சில இடங்களில் அறுவை அரங்கின் வாசலில். உள்ளூர்க்காரருக்கு இது அவ்வளவு பெரிய சிக்கல் இல்லை. ‘இன்றைக்கு வேண்டாம், அடுத்த வாரம் வாருங்கள்’ என்று டாக்டர் சொன்னால் வீட்டுக்குத் திரும்பிவிடலாம். விசாவும் திரும்பும் டிக்கெட்டும் கையில் வைத்திருப்பவரால் அது முடியாது. அதனால்தான் வெளிநாட்டில் அறுவை செய்துகொள்ளப் போகிறவர், டிக்கெட் எடுப்பதற்கு முன்பே மயக்க மருந்து டாக்டரோடு பேசியிருக்க வேண்டும். அதை மருத்துவமனைகள் விதியாக்க வேண்டும். அரசும் வற்புறுத்த வேண்டும்.

மயக்க ஊசி போட்டால் தூங்கிவிடுவோம், முடிந்ததும் எழுந்துவிடுவோம் என்றுதான் பெரும்பாலோர் நினைக்கிறார்கள். முழு மயக்கத்தில் நடப்பது தூக்கம் அல்ல. நினைவு அணைகிறது, வலி அணைகிறது, பல அறுவைகளில் தசைகளும் செயலிழக்க வைக்கப்படுகின்றன. மூச்சு விடும் தசைகளும் அதில் சேர்த்தி. அந்த நேரம் முழுவதும் நோயாளியின் மூச்சை நடத்துவது தொண்டைக்குள் செலுத்திய குழாயும் இயந்திரமும் பக்கத்தில் நிற்கும் மயக்கவியல் மருத்துவரும்தான். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வது இன்னொரு முறை. கையோ காலோ மட்டும் மரத்துப்போகும்படி நரம்பைச் சுற்றி மருந்து செலுத்துவது மற்றொன்று. எது யாருக்குப் பொருந்தும் என்பதை இதயம், நுரையீரல், கழுத்து, பற்கள், ஏற்கெனவே சாப்பிடும் மாத்திரைகள் எல்லாவற்றையும் பார்த்துத்தான் முடிவு செய்ய முடியும்.

யாரையும் பயமுறுத்துவதற்காக இதைச் சொல்லவில்லை. மயக்க மருந்து இன்றைக்கு மருத்துவத்தின் மிகப் பாதுகாப்பான பகுதிகளில் ஒன்று. ஆரோக்கியமான ஒருவர் திட்டமிட்ட அறுவைக்குப் போனால், மயக்க மருந்தால் மட்டும் இறக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 1 லட்சத்தில் 1 என்று பிரிட்டனின் மயக்கவியல் மருத்துவர் கழகம் நோயாளிகளுக்குச் சொல்கிறது. ஜப்பானியப் பொறியாளர் டக்குவோ அவோயாகி 1970-களில் உருவாக்கிய பல்ஸ் ஆக்ஸிமீட்டர் இதற்கு ஒரு பெரிய காரணம். கொரோனா காலத்தில் வீட்டுக்கு வீடு விரலில் மாட்டிப் பார்த்தோமே, அதே கருவிதான். உலக சுகாதார நிறுவனம் 2008-இல் வெளியிட்ட 19 அம்ச அறுவைப் பாதுகாப்புப் பட்டியலிலும் அது இடம்பெற்றது. டெல்லி உட்பட 8 நகரங்களின் மருத்துவமனைகளில் அந்தப் பட்டியலைச் சோதித்தபோது, அறுவைக்குப் பிந்தைய மரணம் 1.5 விழுக்காட்டிலிருந்து 0.8 ஆகக் குறைந்தது. பட்டியலின் முதல் பகுதியே மயக்கம் கொடுப்பதற்கு முன் கேட்டு முடிக்க வேண்டிய கேள்விகள்தான். அலர்ஜி உண்டா, மூச்சுக்குழாய் போடுவதில் சிரமம் வருமா, ரத்தம் நிறையப் போகுமா என்று கேட்க வேண்டும். கேள்வி சரியாகக் கேட்கப்பட்டு, பதில் சரியாக வந்தால்தான் பாதுகாப்பு.

‘சின்ன ஆபரேஷன்தானே’ என்ற சமாதானத்தையும் கைவிட வேண்டும். குளோரோஃபார்ம் மயக்கத்தில் நேர்ந்ததாகப் பதிவான முதல் மரணம் 1848 ஜனவரியில் இங்கிலாந்தின் நியூகாஸில் அருகே நடந்தது. இறந்தவர் 15 வயதுச் சிறுமி ஹன்னா கிரீனர். கால் விரல் நகத்தை எடுக்கத்தான் அவளுக்கு மயக்கம் கொடுத்தார்கள். அறுவை சிறியதாக இருக்கலாம். முழு மயக்கம் எப்போதும் முழு மயக்கம்தான்.

பயணம் செய்கிறவரின் சிக்கல் பெரும்பாலும் மாத்திரைப் பெட்டியில் தொடங்குகிறது. 60 வயதுக்காரர் ஒருவர் முழங்கால் மாற்றுக்கு விமானம் ஏறுகிறார் என்று வைத்துக்கொள்வோம். முன்பு இதயத்தில் ஸ்டென்ட் வைத்தவர், குளோபிடோக்ரெல் சாப்பிடுகிறார். செவ்வாய் இரவு வந்து இறங்குகிறார், வியாழன் காலை அறுவை. முழங்காலுக்கு முதுகில் ஊசி போடுவதே வழக்கமான வழி. ரத்தத்தை உறையவிடாத இந்த மாத்திரையை நிறுத்தி 5 முதல் 7 நாள் ஆகாமல் முதுகில் ஊசி போட்டால், தண்டுவடத்தைச் சுற்றி ரத்தம் கட்டிக் கால்கள் செயலிழக்கும் ஆபத்து உண்டு. அவராகவே மாத்திரையை நிறுத்திவிட்டு வந்தாலோ ஸ்டென்ட் அடைத்துக்கொள்ளலாம். மருந்து தடவிய ஸ்டென்ட் வைத்து 6 மாதம் ஆகாதவருக்குத் தள்ளிப்போடக்கூடிய அறுவையைத் தள்ளிப்போடுவதே நல்லது. இந்தக் கணக்கையெல்லாம் இதய மருத்துவரும் மயக்கவியல் மருத்துவரும் சேர்ந்து போட வேண்டும். அதற்குரிய நேரம் பயணத்துக்கு 2 வாரமாவது முன்னால்.

சுகர் மாத்திரையும் அப்படித்தான். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் ஆகியவை இப்போது பல வீட்டு மாத்திரைப் பெட்டிகளில் இருக்கின்றன. அறுவைக்கு 3 நாள் முன்பே இவற்றை நிறுத்தச் சொல்லி அமெரிக்க மருந்து ஒழுங்குமுறை அமைப்பு 2020-இல் அறிவித்தது. நிறுத்தாவிட்டால், பட்டினியும் அறுவையும் சேரும்போது சர்க்கரை பெரிதாக ஏறாமலே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும். குளுக்கோமீட்டரில் எண் நன்றாகவே தெரியும், ஆள் மோசமாகிக்கொண்டிருப்பார். வழக்கமான காலை மாத்திரையை விமானத்தில் போட்டுக்கொண்டு வந்து இறங்கி, மறுநாள் அறுவை மேசையில் படுப்பவருக்கு இதை யார் முன்கூட்டிச் சொல்வது?

உடல் எடையைக் குறைக்கும் செமாக்ளூடைட் போன்ற ஊசிகள் புதிய சிக்கல். இவை இரைப்பையிலிருந்து உணவு இறங்குவதைத் தாமதப்படுத்துகின்றன. லேசான திட உணவுக்கு 6 மணி நேரம், தண்ணீருக்கு 2 மணி நேரம் என்ற வழக்கமான பட்டினி விதியைக் கடைப்பிடித்தவரின் வயிற்றிலும் உணவு தங்கியிருக்கக்கூடும். மயக்கத்தில் அது மேலேறி நுரையீரலுக்குள் போனால் உயிருக்கே ஆபத்து. வாரம் ஒரு முறை போடும் ஊசியை ஒரு வாரம் முன்பே நிறுத்தலாம் என்று அமெரிக்க மயக்கவியல் மருத்துவர் சங்கம் 2023-இல் சொன்னது. மறு ஆண்டு பல சங்கங்கள் கூடி, ஒவ்வொருவர் நிலையையும் தனித்தனியே பார்த்து முடிவெடுக்க வேண்டும், சிலருக்கு முந்தின நாள் திரவ உணவே போதும் என்று திருத்திக்கொண்டன. அழகு அறுவைக்காகத் துருக்கிக்கோ தாய்லாந்துக்கோ போகிறவர்களில் எடைக் குறைப்பு ஊசி போடுகிறவர்கள் இருக்கத்தானே செய்வார்கள்? கேட்டால் சொல்வார்கள். கேட்காவிட்டால், அழகுக்காகப் போடும் ஊசியை யாரும் மருந்துக் கணக்கில் சேர்ப்பதில்லை.

நம் பக்கத்து வழக்கம் ஒன்றையும் இங்கே சொல்ல வேண்டும். மூட்டுவலிக்கும் மூச்சிரைப்புக்கும் பெயர் ஒட்டாத பொட்டலத்தில் பொடி வாங்கி மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்கள் டாக்டரிடம் அதைச் சொல்வதில்லை. ‘இங்கிலீஷ் மருந்து இல்லையே’ என்று நினைக்கிறார்கள். அந்தப் பொடியில் ஸ்டீராய்டு கலந்திருந்தால், உடல் தானாகச் சுரக்கும் ஸ்டீராய்டு குறைந்துபோயிருக்கும். அறுவையின் அதிர்ச்சியைத் தாங்க முடியாமல் ரத்த அழுத்தம் சரிந்துவிடலாம். மயக்கவியல் மருத்துவர் திட்டுவதற்காக இதைக் கேட்பதில்லை.

சொல்லாமல் விடக்கூடாத இன்னொன்று குடும்ப வரலாறு. 1960-இல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஓர் இளைஞர் கால் முறிந்து மருத்துவமனைக்கு வந்தார். காலைப் பற்றி அவர் கவலைப்படவில்லை. மயக்க மருந்தைக் கண்டுதான் நடுங்கினார். அவருடைய உறவினர் 10 பேர் மயக்க மருந்துக்குப் பின் இறந்திருந்தார்கள். டாக்டர் மைக்கேல் டென்பரோ அதைக் காது கொடுத்துக் கேட்டார். வேறொரு மருந்தால் மயக்கம் கொடுத்தும் இளைஞரின் உடல் கொதிக்கத் தொடங்கியது. உடனே நிறுத்தினார்கள், பிழைத்துக்கொண்டார். சில மயக்க வாயுக்களும் ஒரு தசைத் தளர்வு மருந்தும் பட்டால் தசைகள் கட்டுக்கடங்காமல் வெப்பம் கக்கும் பரம்பரைக் கோளாறு அப்படித்தான் மருத்துவ உலகுக்குத் தெரியவந்தது. ஒரு காலத்தில் இது கண்டவர்களில் பெரும்பாலோர் இறந்தார்கள். இப்போது டான்ட்ரோலீன் என்ற மருந்து இருக்கிறது. ஆனால் எல்லா நாட்டிலும் எல்லா மருத்துவமனையிலும் அது கையிருப்பில் இருப்பதில்லை. குடும்பத்தில் யாருக்காவது மயக்க மருந்தில் விபரீதம் நடந்திருந்தால், அந்தத் தகவல் நோயாளிக்கு முன்னால் அங்கே போய்ச் சேர வேண்டியதன் காரணம் இதுதான்.

நம் பக்கத்துச் சான்று ஒன்றும் உண்டு. மூச்சுக்குழாய் போடுவதற்காகக் கொடுக்கும் சக்ஸமெத்தோனியம் என்ற தசைத் தளர்வு மருந்தை நம் அறுவை அரங்குகளில் ஸ்கோலின் என்பார்கள். சாதாரணமாக 5, 10 நிமிடத்தில் ரத்தத்திலுள்ள நொதி ஒன்று அதை உடைத்துவிடும். ஆரிய வைசியர் சமூகத்தில் பலருக்கு அந்த நொதி பிறவியிலேயே மிகக் குறைவு. அவர்களுக்கு நிமிடங்களில் தெளிய வேண்டிய தசை முடக்கம் மணிக்கணக்கில் நீடிக்கும். அதுவரை வென்டிலேட்டர்தான் துணை. இதற்குக் காரணமான மரபணு மாற்றத்தைக் கோவை பாரதியார் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் வெளிநாட்டு அறிவியலாளர்களோடு சேர்ந்து 2006-இல் அடையாளம் காட்டினார்கள். தென்னிந்திய மயக்கவியல் மருத்துவர்கள் நோயாளிகள் சிலரிடம் சமூகத்தைக் கேட்பது இதற்காகத்தான். இதைத் தெரிந்துகொண்டால் வேறு மருந்தைப் பயன்படுத்தலாம், ஆபத்தே இல்லை. அதே குடும்பத்துப் பேரன் பாங்காக்கிலோ இஸ்தான்புல்லிலோ அறுவை மேசையில் படுத்தால், அங்கிருக்கும் மருத்துவருக்கு இந்தக் கேள்வி தோன்ற வழியே இல்லை. பேரன்தான் சொல்ல வேண்டும். அவனுக்குச் சொல்லி வைக்க வேண்டியவர்கள் பாட்டியும் தாத்தாவும்.

மொழி இன்னொரு சுவர். முதுகில் ஊசி போட்டவர் விழித்திருப்பார். ‘கால் மரத்துவிட்டதா, மூச்சு முட்டுகிறதா’ என்று கேட்டுக்கொண்டே இருப்பார்கள். மரப்பு மருந்து தவறி ரத்தத்தில் கலந்தால், உதடு மரப்பது, காதில் ரீங்காரம், வாயில் உலோகச் சுவை என்று முதல் அறிகுறிகளை நோயாளியே சொல்ல வேண்டும். அப்போதே தெரிந்துவிட்டால் சமாளிக்க மருந்துண்டு. தாமதித்தால் வலிப்பு வரலாம், இதயமே நின்றுவிடலாம். வங்கதேசத்தின் சில்ஹெட்டிலிருந்து வந்த பெண்மணி இதை எந்த மொழியில் சொல்வார்? மொழிபெயர்க்க வருகிறவர் பெரும்பாலும் நோயாளியை அழைத்து வந்த ஏஜென்ட். அறுவை நடந்தால்தான் அவருக்குக் கமிஷன். ‘முன்பு மயக்க மருந்து ஒத்துக்கொள்ளவில்லை’ என்று நோயாளி தயங்கிச் சொல்வதை அவர் முழுமையாக மொழிபெயர்ப்பார் என்று நம்பி உட்கார்ந்திருப்பது நியாயமில்லை. மருத்துவமனை தன் சம்பளத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளரை வைக்க வேண்டும். அவர் அறுவை அரங்குக்குள்ளும் வர வேண்டும்.

அறுவைக்குப் பிந்தைய முதல் இரவு பற்றி மருத்துவப் பயணப் பேக்கேஜ்கள் ஒன்றும் சொல்வதில்லை. மாலையில் ஓட்டல் அறைக்கு அனுப்பிவிடுகிறார்கள். உரக்கக் குறட்டை விடுகிறவர், தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வருகிறவர் என்றால், மயக்கத்தின் மிச்சமும் கடுமையான வலி மாத்திரையும் சேர்ந்து மூச்சை அடக்கிவிடலாம். ஓட்டல் வரவேற்பாளருக்கு அது தெரியாது. குறட்டையைப் பற்றிப் பயணத்துக்கு முன் ஒரு கேள்வி கேட்டிருந்தால், அன்றிரவு மருத்துவமனைப் படுக்கையிலேயே ஆக்ஸிஜன் அளவைப் பார்த்துக்கொண்டு கழித்திருக்கலாம்.

திரும்பும் விமானமும் சிகிச்சையின் பகுதிதான். 4 மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்தே பயணம் செய்தால் காலில் ரத்தம் உறையும் வாய்ப்பு ஏறத்தாழ இரு மடங்காகும் என்று உலக சுகாதார நிறுவன ஆய்வு 2007-இல் சொன்னது. அறுவை செய்த உடம்புக்கு ஆபத்து அதைவிட அதிகம். நெஞ்சிலோ வயிற்றிலோ அறுவை செய்தவர்கள் 10 நாளாவது விமானம் ஏற வேண்டாம் என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் அறிவுறுத்துகிறது. கண் விழித்திரை அறுவையில் கண்ணுக்குள் வாயுக் குமிழி வைப்பதுண்டு. விமானத்துக்குள் காற்றழுத்தம் 6,000 முதல் 8,000 அடி உயர மலையில் இருப்பதுபோல் குறைவதால், அந்தக் குமிழி விரிந்து கண்ணின் ரத்தக் குழாயை அழுத்திப் பார்வையையே பறித்துவிடலாம். அதே குமிழியோடு வேறு அறுவைக்குப் போய், நைட்ரஸ் ஆக்ஸைடு வாயு கொடுக்கப்பட்டாலும் அதேதான். குமிழி வைத்தவர் கையில் எச்சரிக்கைப் பட்டை கட்டி அனுப்புவது இதனால்தான். ஊருக்குப் போனதும் அதைக் கழற்றி எறிந்துவிடக் கூடாது. குமிழி முழுவதும் கரைய சில வாரங்கள்கூட ஆகும்.

அமெரிக்கர்கள் அழகு அறுவைக்காக டொமினிகன் குடியரசுக்குப் போய் வருவதைப் பற்றி அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம் 2024 ஜனவரியில் ஓர் அறிக்கை வெளியிட்டது. 2009 முதல் 2022 வரை அங்கே அழகு அறுவைக்குப் பின் இறந்த அமெரிக்கர்கள் 93 பேர். முதல் பத்தாண்டில் ஆண்டுக்குச் சராசரியாக 4 பேர். 2019 முதல் ஆண்டுக்கு 13 பேர். ஆராயப்பட்ட மரணங்களில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் கொழுப்புத் துணுக்கோ ரத்தக் கட்டியோ நுரையீரலுக்குப் போய் அடைத்தது. பலர் ஒரே மயக்கத்தில் கொழுப்பு நீக்கம், பிட்டத்தில் கொழுப்பேற்றம், வயிற்றைச் சுருக்குதல் என்று பல அறுவைகள் செய்துகொண்டவர்கள். பயணச் செலவு மிச்சம் என்பதால் எல்லாவற்றையும் ஒரே நாளில் முடிக்கத் தோன்றும். மேசையில் கிடக்கும் நேரம் கூடக்கூட ஆபத்தும் கூடும். ‘இதை இரண்டாகப் பிரியுங்கள்’ என்று சொல்லக்கூடியவர் மயக்கவியல் மருத்துவர். அவர் அறுவையன்று காலையில்தான் வருகிறார் என்றால், யாரிடம் சொல்வார்?

நம் ஊரிலும் மயக்கவியல் மருத்துவர்களுடைய நிலையைப் பார்க்க வேண்டும். பெரிய மருத்துவமனைகளில் நிரந்தரக் குழு இருக்கிறது. நடுத்தர மருத்துவமனைகள் பலவற்றில் மயக்கவியல் மருத்துவர் அழைப்பின் பேரில் வருகிறவர். காலையில் ஓரிடம், மதியம் ஓரிடம் என்று காரில் ஓடுகிறார். நோயாளியோடு உட்கார்ந்து பேசும் நேரத்துக்கு அவருக்குத் தனிக் கட்டணம் கிடையாது. மதிப்பீட்டுத் தாளில் அவர் பெயரும் இல்லை, கட்டணமும் இல்லை. அவரைக் குறை சொல்லிப் பயனில்லை. பேசும் நேரத்துக்கு விலை வைத்தால்தான் அந்தப் பேச்சு நடக்கும்.

செய்ய வேண்டியது கடினமும் அல்ல. மருத்துவ விசாவுக்கு இந்திய மருத்துவமனையின் கடிதம் கட்டாயம். அந்தக் கடிதத்தோடு, மயக்கவியல் மருத்துவர் நோயாளியோடு காணொளியில் பேசி எழுதிய ஒரு பக்கக் குறிப்பும் இருக்க வேண்டும் என்று ஒன்றிய அரசு சேர்க்கலாம். சாப்பிடும் மருந்துகள் பிராண்ட் பெயரில் இல்லாமல் மூலப்பெயரில், எதை எந்த நாளில் நிறுத்துவது, அறுவைக்குப் பின் எத்தனை நாள் கழித்து விமானம் ஏறலாம் என்பவை அதில் இருக்கட்டும். மயக்கம் கொடுக்கப்போகிறவரின் பெயரும் தகுதியும் வேண்டும். தமிழ்நாட்டின் பெரிய மருத்துவமனைகள் அரசாணைக்குக் காத்திருக்கத் தேவையில்லை. சர்ஜனோடு காணொளி ஆலோசனை இப்போதே நடக்கிறது. அதில் இன்னொருவரைச் சேர்த்தால் போதும்.

காணொளியில் தொண்டையைப் பரிசோதிக்க முடியுமா, இதயத்தைக் கேட்க முடியுமா என்று மருத்துவர்கள் சிலர் மறுப்பார்கள். முடியாதுதான். நேரில் செய்ய வேண்டிய பரிசோதனையை நேரில்தான் செய்ய வேண்டும். ஆனால் வாயைத் திறக்கச் சொல்லி 3 விரல் நுழைகிறதா என்று பார்க்கலாம். கழுத்தைப் பின்னால் சாய்க்கச் சொல்லலாம். ஆடும் பல்லைக் காட்டச் சொல்லலாம். மாத்திரைப் பெட்டியைக் கேமரா முன் கொட்டச் சொல்லலாம். ‘நீங்கள் இப்போது வர வேண்டாம்’ என்று சொல்ல வேண்டியவர்களில் பலரை அந்தக் கால் மணி நேரமே காட்டிக்கொடுத்துவிடும்.

பயணம் முடிந்து திரும்புகிறவர் டிஸ்சார்ஜ் சுருக்கத்தோடு நின்றுவிடாமல் மயக்க மருந்துப் பதிவின் நகலையும் கேட்டு வாங்க வேண்டும். எந்த மருந்து எவ்வளவு கொடுத்தார்கள், குழாய் போடுவது எளிதாக இருந்ததா, எந்த மருந்துக்காவது தோல் தடித்ததா, ரத்த அழுத்தம் சரிந்ததா என்பதெல்லாம் அதில்தான் இருக்கும். அடுத்த அறுவை எந்த நாட்டில் நடந்தாலும் அங்கிருக்கும் மருத்துவர் முதலில் தேடுவது அந்தத் தாளைத்தான். இந்தியாவில் 2002-ஆம் ஆண்டின் மருத்துவர் நடத்தை விதிகளின்படி, உள்நோயாளியின் பதிவுகளை 3 ஆண்டு பாதுகாக்க வேண்டும், கேட்டால் 72 மணி நேரத்துக்குள் கொடுக்க வேண்டும். கடந்த ஓரிரு ஆண்டில் சென்னையிலோ வேலூரிலோ மதுரையிலோ அறுவை செய்துகொண்டு டொரன்டோவுக்கும் மாலேவுக்கும் டாக்காவுக்கும் திரும்பிவிட்டவர்கள், அந்த 3 ஆண்டு முடிவதற்குள் மருத்துவமனைக்கு எழுதி அதை வாங்கி வைத்துக்கொள்ளலாம்.